மலைப்பக்கம் ஏற்றிய பாரம்

அநியாயம் நடந்தது என் அக்காவுக்கு, டீச்சர். எனக்கில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தப் பெண் ஏதோ தன் சொந்தக் கோபத்தைப் பஸ்ஸில் கொட்டுகிறாள் என்று நினைத்துவிடுவீர்கள். என் அக்கா பாண்டிச்செல்வியின் கையிலிருந்து வண்டிச் சாவியை வாங்கி, "வண்டி இழுக்கறதுக்குக் காரணம் பொம்பளக் கைதான்" என்று, வாழைத்தார் ஏற்றுகிற களத்தில் ஊரே பார்க்கச் சொன்னார்கள். சொன்னது யார் தெரியுமா? வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். எங்கள் அப்பா.

விடைத்தாள் கட்டை மடியில் வைத்திருக்கிறீர்களே, அதனால்தான் டீச்சர் என்று கூப்பிடுகிறேன். தப்பில்லையே? நீங்களே எனக்கு மதிப்பெண் போடுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுப் போடுங்கள். கடைசியாக நடந்தது இன்றைக்குக் காலையில்தான். இன்னும் நான் படபடவென்று பேசுவது உங்களுக்கே தெரியும். கோபத்தில்.

எங்கள் ஊர் மூங்கிலடி. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏற வேண்டும். மலைவாழை, சௌசௌ, கொஞ்சம் காப்பி. விளைவதைக் கீழே சந்தைக்கு இறக்க எங்களிடம் ஒரு பிக்கப் இருக்கிறது. பழையது. நான் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனதே அதில்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாதான் ஓட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் கெட்டுப்போய்க் கிளச்சை மிதிக்க முடியாமல் ஆனதும் அக்கா எடுத்தாள். லைசென்ஸ் வாங்கி, முறையாக. அந்த மலையில் லோடு இறக்குகிற ஒரே பெண் அவள். யாராவது பாராட்டினார்களா? "சடையாண்டி மக ஓட்டிட்டு வருது, ஒதுங்குங்கப்பா" என்று எதிரே வருகிறவன் எல்லாம் ஹாரன் அடிப்பான். அக்கா திருப்பி ஹாரன்கூட அடிக்க மாட்டாள். நானாக இருந்தால் வண்டியை நிறுத்தி இறங்கியிருப்பேன்.

கொஞ்ச காலமாக வண்டி இடது பக்கம் இழுத்தது. குழியில் இறங்கினால் முன்னால் கடக் கடக் என்று சத்தம். இடது முன்டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. போன மாதம் மழைக்குள் இறங்கும்போது, ஒரு திருப்பத்தில், மலை ஓரத்துப் பாறையில் உரசி நின்றது. கதவு நசுங்கியது, பக்கக் கண்ணாடி போனது, தார்கள் ரோட்டில் சிதறின. அக்காவுக்கு நெற்றியில் வெட்டு. தார் ஏற்றி அனுப்பிய தார்க்காரர்கள் நெற்றியைப் பார்க்கவில்லை, தாரைத்தான் பார்த்தார்கள். "பொம்பளப் பிள்ள கையில குடுத்தா?" என்று ஆரம்பித்தார்கள். அப்பா மறுத்து ஒரு வார்த்தை பேச வேண்டுமா, வேண்டாமா? அவரும் சேர்ந்துகொண்டு, சாவியை வாங்கித் தங்கமாயனிடம் கொடுத்துவிட்டார். தங்கமாயன் என் சித்தப்பா மகன். அக்காவுக்குத் தம்பி, எனக்கு அண்ணன்.

சரி, அக்கா என்ன சொன்னாள்? ஒன்றும் சொல்லவில்லை! அதுதான் எனக்குப் பொறுக்காதது. மறுநாளிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு தார் வெட்டப் போய்விட்டாள். நெற்றியில் பிளாஸ்திரியோடு.

நான் மதுரையில் எம்.ஏ. படிக்கிறேன், டீச்சர். பட்டிமன்றத்தில் என்னை எந்த அணியில் வேண்டுமானாலும் போடலாம், ஜெயித்துக் கொடுப்பேன். எந்த அணி என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நாள் விடுமுறைக்கு நேற்று ஊருக்குப் போனவள், இதைக் கேள்விப்பட்டதும் பையைக்கூட உள்ளே வைக்கவில்லை. நேராகக் களத்துக்குப் போனேன்.

"அப்பா, ஒரே ஒரு கேள்வி. வண்டி இழுக்கறது வண்டியாலயா, கையாலயா?"

"வீட்டுல போய்ப் பேசலாம் தாயி."

"களத்துல சொன்னதுக்குக் களத்துலதான் பதில்."

"சடையாண்டி, மதுரையிலேர்ந்து வக்கீலம்மா எறங்கியிருக்குப்பா" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு இன்னும் நன்றாகப் பேச வரும்.

"கைதான் காரணம்னா ஆம்பளக் கையில வண்டி நேராப் போகணும். மாயண்ணே, நீ சொல்லு. நேராப் போகுதா?"

அவன் தலையைச் சொறிந்தான். "நான் இன்னும் முழு லோடு ஏத்தலையே மதி. அரை லோடுதான். லேசா இழுக்குது. சமாளிச்சுக்கலாம்."

"சமாளிக்கிறது வேற, நேராப் போறது வேற. நாளைக்கு முழு லோடு ஏத்து. அக்கா அன்னிக்கு ஏத்துன மாதிரியே ஏத்து. அதே திருப்பத்துல இறக்கிக் காட்டு. அப்புறம் பொம்பளக் கையைப் பத்திப் பேசு. பயமா இருந்தா இப்பவே சொல்லிரு."

கடைசி வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அது இல்லாமல் வாதம் நிற்காது.

"எனக்கென்னடி பயம்?" என்றான். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவன் அப்பா, என் சித்தப்பா, அதே ரோட்டில்தான் வண்டியோடு பள்ளத்தில் போனார். நான் அப்போது கைக்குழந்தை. அது வேறு விஷயம், டீச்சர். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் பேசியது தர்க்கம்.

ஜன்னலைச் சாத்தட்டுமா? தாள் பறக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அக்கா வாசலில் உட்கார்ந்து, கையில் ஏறிய வாழைக்கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைக் கடந்து உள்ளே போகப் பார்த்தார்.

"அப்பா, இடது முன்சக்கரத்துல கீழ் பால் ஜாயிண்ட் ஆடுது. ஆர்ம்ல புஷ்ஷும் போச்சு. ஜக்கரியா பாய்கிட்ட விட்டு மாத்திட்டு மாயன் எடுக்கட்டும்."

"கிரீஸ் அடிச்சாச்சே."

"தேஞ்சுபோனது கிரீஸ் அடிச்சா வளருமாப்பா?"

"உன் கைக்கு ஆடுதும்மா. இத்தன வருசம் நான் ஓட்டலையா?"

பால் ஜாயிண்ட் என்றால் வேறொன்றுமில்லை, நம் தோள்மூட்டு மாதிரி. ஒரு இரும்புக் கிண்ணத்துக்குள் ஒரு இரும்புக் குண்டு. அதில்தான் முன்சக்கரம் திரும்புகிறது. வண்டியின் எடையும் அதன் வழியாகத்தான் இறங்குகிறது. ஆர்ம் என்பது அதைத் தாங்குகிற இரும்புக் கை, புஷ் அந்தக் கை அசைகிற இடத்து ரப்பர். இதெல்லாம் அக்கா எனக்கு எப்போதோ சொன்னது. அப்போது நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, பாரத்தையாவது நடுவுல அடுக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா.

அப்பா நின்றுவிட்டார். இது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ரோடு ஒரே மலையைச் சுற்றிக்கொண்டு இறங்கும். இறங்குகிற வண்டிக்கு மலை எப்போதும் இடது கைப்பக்கம், பள்ளம் வலது கைப்பக்கம். அதனால் கனமான தார்களை எல்லாம் மலைப்பக்கமாக அடுக்குவார்கள். பள்ளத்துப் பக்கம் இலைக்கட்டு, பூக்கூடை, இப்படி லேசானது மட்டும். சாய்ந்தாலும் வண்டி மலைமேல் சாயட்டும் என்று. சித்தப்பா போன பிறகு அப்பா ஆரம்பித்தது. இப்போது ஊரில் எல்லா வண்டியும் அப்படித்தான் இறங்குகிறது, ஒரு தோளை மட்டும் தாழ்த்திக்கொண்டு.

"இத்தன வருசப் பாரத்தையும் அந்த ஒரு மூட்டுதான் வாங்கியிருக்குப்பா."

"பள்ளத்துப் பக்கம் நான் பாரம் வைக்க மாட்டேன்" என்றார் அப்பா.

நான் நடுவில் புகுந்தேன். புகாமல் எப்படி? அக்கா தன் கட்சியைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தாள். "நீ எதுக்கு இப்பவே மெக்கானிக்கை இழுக்கறே? இப்ப மாத்திட்டா வண்டி நேராப் போகும். ‘பாத்தியா, மாயன் எடுத்தான், நேராப் போகுது’ன்னு சொல்லிருவாங்க. மாத்தாம ஓட்டட்டும். நிரூபணம் ஆகட்டும். அப்புறம் மாத்து."

நீங்களே சொல்லுங்கள் டீச்சர், இதில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா?

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மண்ணெண்ணெய் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது.

"மதி, வண்டியில மாயன் உக்காந்திருப்பான்."

"உக்காரட்டுமே" என்றேன்.

இன்று காலையில் முழு லோடு ஏற்றினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்கா வந்து, மலைப்பக்கத்திலிருந்து ஒரு தாரைத் தூக்கி நடுவில் வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். நான் தடுத்தேன். அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தால்தானே சோதனை? பாரத்தை மாற்றிவிட்டு ஓட்டினால் நாளை அவர்கள் அதையே சாக்காகச் சொல்வார்களே! "மதி சொல்றதும் சரிதான்" என்றார் அப்பா. பாருங்கள், அப்பாவே ஒத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் நான் சொன்னது சரி என்று அவர் வாயால் வந்தது அதுதான் முதல் தடவை.

நான் சாட்சியாக ஏறினேன், இடது ஜன்னல் ஓரம். அப்படியே இறங்கி மதுரைக்கு பஸ் பிடிக்கலாம் என்று பையையும் எடுத்துக்கொண்டேன். தங்கமாயன் ஸ்டியரிங்கில். கிளம்புகிற நேரத்தில் அக்கா கதவைத் திறந்து, என்னைத் தாண்டி ஏறி, நடுவில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்குக்கா?" என்றான் அவன்.

"சும்மா. வண்டியை எடு."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரோடு கொஞ்ச தூரம் சமமாகத்தான் போகும். இறக்கம் ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் வந்தது. என் காலடியில், தகரத்துக்கு அந்தப் பக்கம், யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி. கடக். கடக். தங்கமாயன் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடித்துப் பிடித்து நேர் செய்துகொண்டே வந்தான். கழுத்தில் வியர்வை.

"இழுக்குதா மாயண்ணே?" என்றேன். பதிவுக்காகக் கேட்டேன்.

"இல்ல."

"இல்லயா? நல்லாப் பாத்துச் சொல்லு."

"மதி, வாயை மூடு" என்றாள் அக்கா. அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மாயா, செகண்டுக்கு வா. பிரேக்கைக் குத்தாத. விட்டு விட்டு அமுக்கு."

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரியும். செகண்டுக்கு வா."

சத்தம் மாறியது. கடக் என்பது போய், கரகரவென்று ஏதோ அரைபடுகிற மாதிரி. அக்கா என் முழங்காலில் கையை ஊன்றி முன்னால் நகர்ந்தாள். எதிரே அந்தத் திருப்பம். இடது பக்கம் பாறை, மழையில் உரசின அதே பாறை, எங்கள் வண்டிப் பெயின்ட் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. வலது பக்கம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை டீச்சர், வெறும் வெளிச்சம்.

டமார் என்று ஒரு அடி. என் பக்கம் வண்டி கீழே உட்கார்ந்தது. வண்டி பாறையைப் பார்த்து இழுத்தது. பாறை என் முகத்துக்கு நேராக வந்தது. தங்கமாயன் "ஐயோ" என்று ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். பள்ளத்துப் பக்கம். அவனுக்குப் பாறைதான் தெரிந்தது, மற்றது தெரியவில்லை. அக்கா அவன் கைமேல் பாய்ந்து விழுந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தாள்.

"கல்லுல விடு மாயா! கல்லுல விடு! அன்னிக்கும் நான் கல்லுலதான் விட்டேன்!"

விட்டான். பாறையில் தேய்ந்து, ரோட்டோர வாய்க்காலுக்குள் ஒரு பக்கமாக இறங்கி, வண்டி நின்றது. தார்கள் கூரைமேல் உருண்டு வந்து விழுந்தன. என் கதவைத் திறக்க முடியவில்லை. அவர்கள் பக்கமாக ஏறி இறங்கினேன். இடது சக்கரம் ஒடிந்த கால் மாதிரி மடங்கி, வெளியே பார்த்துக் கிடந்தது.

எனக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். இறங்கியதும் நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "நிரூபணமாயிருச்சு!" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். ஆம்பளக் கை, அதே லோடு, அதே திருப்பம், அதே முடிவு. இதைவிடத் தெளிவாக எதையாவது நிரூபிக்க முடியுமா? யாராவது கை தட்ட வேண்டாம், ஆமாம் என்றாவது சொல்லலாம் இல்லையா? தங்கமாயன் ரோட்டு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தான். எடுத்துவிட்டுப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பேசியது அவன் காதில் ஏறவில்லை. அக்கா அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, தண்ணீர்ப் பாட்டிலை முழுவதும் அவன் முகத்திலேயே ஊற்றினாள். எனக்கு ஒரு வாய் வேண்டுமா என்று கேட்கவில்லை. நானும் அதே வண்டியில்தானே வந்தேன்?

பிறகு அவள் டவர் கிடைக்கிற இடம் வரை நடந்து போய் ஜக்கரியா பாய்க்குப் போன் செய்தாள். "ரெண்டு பக்கத்துக்கும் கொண்டு வாங்க பாய். மேல், கீழ் பால் ஜாயிண்ட், புஷ்ஷோட ஆர்ம், ஷாக். ஆமா, ரெண்டு பக்கத்துக்கும்." அப்பாவுக்கும் அவள்தான் சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் யாருடைய பைக்கிலோ பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கியபோது, வண்டியைப் பார்க்கவில்லை. நேராகத் தங்கமாயனிடம் போய் அவன் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் நின்றார். அக்காவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பைப் பற்றி அவருக்கு நினைப்பே இல்லை.

பாய் வந்தார். பெரிய பேச்சுக்காரர். "என்ன செல்வி, வண்டியைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் எனக்குச் சொல்லுவியா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, தார்களை எல்லாம் இறக்கி, நீளமான மரத்துண்டை வைத்து வண்டியை வாய்க்காலிலிருந்து நெம்பி எடுத்தார்கள். பிறகு ஜாக்கி. இடது சக்கரத்தைக் கழற்றியதும் பார்த்தேன். அந்தக் குண்டு கிண்ணத்தைவிட்டு முழுவதுமாகக் கழன்று வெளியே தொங்கியது. ரப்பர் மூடி எப்போதோ கிழிந்து, உள்ளே கிரீஸும் மண்ணும் ஒரே சாந்தாக இருந்தது. குலுக்கலைத் தாங்குகிற ஷாக்கில் எண்ணெய் கசிந்து காய்ந்திருந்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் அசையவில்லை. தங்கமாயன் எழுந்து வந்து, யாரும் கேட்காமலேயே, சம்மட்டியை வாங்கி அடித்தான். அக்கா கீழே படுத்துத் தாங்கிப் பிடித்தாள். புது ஆர்ம் ஏறியது, புது மூட்டு ஏறியது. நான் அந்த நேரத்தில் அப்பாவிடம் பேச வேண்டியவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

இடது பக்கம் முடிந்ததும் அக்கா ஜாக்கியை வலது பக்கம் மாற்றினாள்.

"அது எதுக்கு?" என்றார் அப்பா. "அந்தப் பக்கம் பாரமே போகலையே. அது நல்லாத்தான் இருக்கு."

"ஒரு பக்கம் புதுசும் ஒரு பக்கம் பழசுமா ஓட்டக் கூடாதுப்பா. அந்தப் பக்கம் இழுக்க ஆரம்பிக்கும்."

அந்தப் பக்கம் என்றால் பள்ளத்துப் பக்கம்.

"நான் ரெண்டையும் கொண்டாந்துட்டேன்" என்றார் பாய். "வேணாம்னா திருப்பி எடுத்துட்டுப் போறேன். அப்பனும் மகளும் பேசி முடிங்க. நான் ஒரு பீடி குடிச்சுட்டு வர்றேன்."

"நீங்களே ஆட்டிப் பாருங்கப்பா" என்றாள் அக்கா.

அப்பா அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் குந்தினார். தூக்கி நிறுத்திய சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை. அசைத்தார். டக். இன்னொரு தடவை அசைத்தார். டக். கையை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அசைக்கவும் இல்லை. சக்கரத்தைப் பிடித்தபடியே தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப யார் கைக்குப்பா ஆடுது?" என்றேன். எப்படி? அந்த இடத்தில் அதைவிடப் பொருத்தமான கேள்வி இருக்கிறதா?

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்பா அக்காவின் தோளைப் பிடித்து எழுந்தார். "ரெண்டையும் மாத்துங்க பாய்" என்றார்.

மாற்றி முடித்துவிட்டு பாய் கையைத் துடைத்தார். "கீழ போய் அலைன்மென்ட் பாக்கணும். அதுவரைக்கும் உருட்டிக்கிட்டுத்தான் போகணும். மூட்டு புதுசு, மத்ததெல்லாம் பழசு. யாரு எறக்கறது?"

"என்னால ஆகாது பெரியப்பா" என்றான் தங்கமாயன். "கை நிக்க மாட்டேங்குது." சாவியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தான்.

அப்பா அதை அக்காவிடம் நீட்டினார். "எடுக்கிறியா செல்வி?"

"பாரம் நடுவுல இருந்தா எடுக்கிறேன்."

"பள்ளத்துப் பக்கமும் தார் வைக்கணுமா?"

"வைக்கணும்ப்பா."

அப்பா பள்ளத்துப் பக்கத்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு ரோட்டில் கிடந்ததில் பெரிய தார் ஒன்றைத் தானே தூக்கினார். தங்கமாயன் ஒரு முனையைப் பிடிக்கப் போனான், வேண்டாம் என்று தலையாட்டினார். கொண்டுபோய்ப் பள்ளத்துப் பக்கத்துப் பலகையை ஒட்டிப் படுக்க வைத்தார். வைத்துவிட்டு, குழந்தை உருண்டுவிடும் என்பது போல, கையை அதன்மேலேயே வைத்திருந்தார். வண்டி சாயவில்லை. அதற்குப் பிறகுதான் தங்கமாயன் அடுத்த தாரைத் தூக்கினான்.

அக்கா சாவியை வாங்கிக்கொண்டாள். சும்மா வாங்கிக்கொண்டாள், டீச்சர்! நான் விடுவேனா? அவளுக்கு முன்னால் என் இடத்தில் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஸ்டியரிங்குக்கு வந்ததும் சொன்னேன்: "சாவியைத் திருப்பிக் குடு. களத்துல வாங்கினதைக் களத்துலதான் குடுக்கணும். அப்பாவும் தார்க்காரங்களும் ஊர் முன்னால தப்புன்னு ஒத்துக்கணும். அதுவரைக்கும் நீ வண்டியைத் தொடக் கூடாது. இது உன் ஒருத்தி பிரச்சினை இல்ல, கொள்கை."

அவள் பின்கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். வெளியே தங்கமாயன் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான், ஏறுவதா வேண்டாமா என்று தெரியாமல்.

"உனக்காக யாருக்கா பேசினா? நான்தானே பேசினேன்? நான் இல்லாட்டி இது நிரூபணமே ஆகியிருக்காது. நீ ஒரு வார்த்தை பேசினியா? இப்பவாவது வாயைத் திற. என்னதான் சொல்றே நீ?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை டீச்சர் அந்த முகத்தில், அதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

"மாயன் என் பக்கத்துல உக்காரணும்" என்றாள். "நீ பையை எடுத்துக்கிட்டு இறங்கு மதி. பஸ் வரும்."